ஐரோப்பியப் பகுத்தறிவுவாதம் எங்கிருந்து வந்தது?

கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பகுத்தறிவுவாதம் பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட்டிடம்தான் தொடங்கியதா? அது மதத்தை எதிர்த்து எழுந்ததா? மூல நூல்களையே படிக்க நினைப்பவர் எதில் கை வைக்கலாம்? இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் இதைப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

நம்மிடையே பகுத்தறிவு என்றதும் கடவுள் மறுப்பும் மூடநம்பிக்கை எதிர்ப்பும் நினைவுக்கு வரும். 17ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதிகளான டேக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் மூவரின் நூல்களிலோ கடவுளை எடுத்துவிட்டால் வாதம் ஓர் அடிகூட நகராது. டேக்கார்ட்டின் அறிவுக் கொள்கைக்குக் கடவுள்தான் ஜாமீன். ஸ்பினோசாவுக்குக் கடவுளைத் தவிர வேறு தன்னிருப்புப் பொருளே (இருப்பதற்கு வேறு எதையும் வேண்டாதது) கிடையாது. உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு லைப்னிட்ஸ் தரும் கடைசிப் பதிலும் கடவுளே. இவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது வேறொரு கொள்கை: உலகத்தைப் பற்றிய அடிப்படை உண்மைகளில் சிலவற்றைப் புலன்களின் சாட்சியம் இல்லாமலே அறிவு எட்ட முடியும், மற்ற உண்மைகள் அவற்றிலிருந்து ஒழுங்காகக் கிளைக்கும். இதைச் சொன்னவர்கள் நாத்திகர்களும் அல்ல, ஆய்வு செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்தவர்களும் அல்ல.

இனி தொடக்கம். அறிவின் மேல் இருந்த அபார நம்பிக்கையிலிருந்து பகுத்தறிவுவாதம் பிறந்தது என்று பல அறிமுக நூல்கள் எழுதுகின்றன. நான் அதை ஏற்கவில்லை. எதையுமே அறிய முடியாதோ என்ற கலக்கம் ஒரு தலைமுறையைப் பிடித்து ஆட்டிய பிறகுதான் அது பிறந்தது.

1562இல் ஆன்றி எத்தியேன் என்ற அச்சகர், பழைய கிரேக்க ஐயவாதியான செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸின் நூலொன்றை லத்தீனில் வெளியிட்டார். 1569இல் செக்ஸ்டஸின் மற்ற நூல்களும் லத்தீனில் வந்தன. அந்த 1562இல்தான் பிரான்சில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே மதப்போர்கள் மூண்டன; 1598 வரை அவை ஓயவில்லை. மறைநூலுக்கு யார் சொல்லும் பொருள் சரி என்பது அப்போது உயிர்போகும் கேள்வி. திருச்சபையின் மரபே அளவுகோல் என்றது ஒரு தரப்பு. மறைநூலும் மனசாட்சியும் போதும் என்றது மறுதரப்பு. எந்த அளவுகோல் சரி என்று முடிவு செய்ய எந்த அளவுகோலை எடுப்பது? செக்ஸ்டஸ் கையில் ஆயுதமாக வைத்திருந்ததும் இந்தக் கேள்வியைத்தான்.

அதைப் பிரெஞ்சு எழுத்தாளர் மோன்தேன் தம் கட்டுரைகளில் மிகச் சுருக்கமாக வைத்தார். அவற்றின் முதல் பதிப்பு 1580இல் வந்தது. தோற்றங்களை எடைபோட ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி சரியா என்று பார்க்க ஒரு நிரூபணம் வேண்டும். அந்த நிரூபணம் சரியா என்று பார்க்க மறுபடி ஒரு கருவி வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறோம். இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முயன்று பாருங்கள், எளிதில் முடியாது. புலன் ஏமாற்றும் என்பதோடு அது நிற்பதில்லை, நிரூபணம் என்ற செயலின் மேலேயே கை வைக்கிறது. அதனால்தான் 1641இல் டேக்கார்ட் ‘தியானங்கள்’ நூலை அவ்வளவு கடுமையான சந்தேகத்தோடு தொடங்குகிறார். அந்தச் சந்தேகம் அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. ஏற்கெனவே ஊரெங்கும் பரவியிருந்த வாதத்தை எடுத்து, அதன் கடைசி எல்லைவரை தள்ளிப் பார்த்தார்.

இந்தக் கலக்கத்துக்கு நடுவே ஒரே ஒரு துறை மட்டும் அசையாமல் நின்றது: வடிவியல். யூக்ளிடின் நூலை இத்தாலியக் கணித அறிஞர் கொமாண்டினோ 1572இல் லத்தீனில் நன்றாக மொழிபெயர்த்தார். இயேசு சபைக் குருவான கிளாவியஸ் 1574இல் விரிவான உரையோடு தம் பதிப்பைக் கொண்டுவந்தார். கத்தோலிக்கரும் கால்வினியப் புராட்டஸ்டண்டுகளும் எதிலும் ஒத்துப்போகாத காலத்தில், முக்கோணத்தின் மூன்று கோணங்கள் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதில் மட்டும் சண்டை இல்லை. இயேசு சபையார் லா ஃப்ளேஷில் நடத்திய கல்லூரியில் படித்த டேக்கார்ட் 1596இல் பிறந்தவர். தம் படிப்பைப் பற்றி 1637இல் ‘முறை பற்றிய உரை’யில் எழுதும்போது, கணிதத்தின் உறுதிதான் தம்மை மிகவும் கவர்ந்தது என்கிறார். இவ்வளவு உறுதியான அடித்தளத்தின் மேல் உயர்ந்ததாக எதையும் யாரும் எழுப்பவில்லையே என்று வியப்பும் அடைகிறார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் டேக்கார்ட் புரியமாட்டார். வடிவியலில் இரண்டு வழிகள் உண்டு. யூக்ளிடின் பக்கங்களில் நாம் பார்ப்பது தொகுப்பு முறை: வரையறை, எடுகோள், தேற்றம், நிரூபணம் என்று மேலிருந்து இறங்குவது. இந்த நிரூபணங்களை முதலில் யாரோ கண்டுபிடித்தார்களே, அது எப்படி? அலெக்சாண்டிரியாவின் பாப்பஸ் எழுதிய தொகுப்பு 1588இல் லத்தீனில் அச்சானபோது அதற்கான விடை பலருக்கும் கிடைத்தது. தேடுவதைக் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள். அது எதைச் சார்ந்திருக்கிறது என்று பின்னோக்கிப் போ. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அடைந்ததும் நில். வந்த வழியே திரும்பு. இது பகுப்பு முறை. டேக்கார்ட்டின் ‘முறை’ என்று சொல்லப்படுவதன் உயிர் இதில்தான் இருக்கிறது. 1637இல் அவர் அச்சிட்ட நான்கு விதிகளை (தெளிவாகத் தெரிவதை மட்டும் ஏற்பது, பிரிப்பது, எளியதிலிருந்து ஏறுவது, எதையும் விடவில்லை என்று சரிபார்ப்பது) தனியாக வாசித்தால் சாதாரண அறிவுரை போலத்தான் தெரியும். அவற்றை வேலை செய்யவிட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கு நல்ல இடம், அவர் 1628 அளவில் முடிக்காமல் விட்ட ‘அறிவை நெறிப்படுத்தும் விதிகள்’ நூலின் 8ஆம் விதி. அங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கு இது: இணையாக வரும் ஒளிக்கதிர்கள் எல்லாம் கண்ணாடியில் புகுந்து திசை மாறிய (விலகிய) பின் ஒரே புள்ளியில் கூட வேண்டும், கண்ணாடியின் வளைவு என்ன வடிவில் இருக்க வேண்டும்? கணிதம் மட்டும் தெரிந்தவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார் என்கிறார் டேக்கார்ட். வளைவு, படுகோணத்துக்கும் (கதிர் வந்து விழும் கோணம்) விலகுகோணத்துக்கும் (திசை மாறிய பின் உள்ள கோணம்) உள்ள உறவைச் சார்ந்தது என்பது அவருக்குத் தெரியும். அந்த உறவு என்ன என்பது கணிதத்துக்குள் கிடைக்காது. ஆகவே பின்னோக்கிப் போக வேண்டும். கோணங்களின் உறவு, ஊடகம் மாறுவதால் வரும் மாற்றத்தைச் சார்ந்தது. அந்த மாற்றம், கதிர் ஒளிபுகும் பொருளுக்குள் எப்படி ஊடுருவுகிறது என்பதைச் சார்ந்தது. அது ஒளியின் செயல் என்ன என்பதைச் சார்ந்தது. அதுவோ, இயற்கை ஆற்றல் என்றால் பொதுவாக என்ன என்பதைச் சார்ந்தது. இந்தக் கடைசிப் படியில் அறிவு நேரடியாகப் பார்க்கக்கூடிய எளிமையை அடைந்துவிடுகிறோம் என்பது அவர் கணிப்பு. அங்கிருந்து அதே படிகளில் இறங்கிவந்தால் வளைவு கிடைக்கும்.

1637இல் ‘முறை பற்றிய உரை’யோடு சேர்ந்து வந்த ஒளியியல் நூலில் முடிவு அச்சானது: படுகோணத்தின் சைனுக்கும் விலகுகோணத்தின் சைனுக்கும் உள்ள விகிதம் மாறாதது, வேண்டிய வளைவு நீள்வட்டமோ அதிபரவளைவோ. ஹாரியட்டும் ஸ்னெல்லும் சைன் விதியை முன்பே கண்டிருந்தார்கள், ஆனால் வெளியிடவில்லை. அச்சில் முதலில் வந்தது டேக்கார்ட்டுடையதுதான்.

விடை சரி. மேல்படி தவறு. ஒளி ஒரு கணத்தில், நேரமே எடுக்காமல் பரவுகிறது என்று டேக்கார்ட் உறுதியாக நம்பினார். அது பொய் என்று யாராவது காட்டிவிட்டால் தமக்குத் தத்துவத்தில் ஒன்றுமே தெரியாது என்று ஒப்புக்கொள்வதாக 1634இல் தம் டச்சு நண்பர் பேக்மனுக்கு எழுதிய கடிதத்தில் பந்தயம்போலச் சொல்கிறார். ஆனால் சைன் விதியை வருவிக்கும்போது ஒளியைப் பந்தாகப் பாவித்து, அடர்ந்த ஊடகத்தில் அது வேகமாகப் போகிறது என்று வைத்துத்தான் கணக்கை முடிக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கணித அறிஞர் ஃபெர்மா இந்த வருவிப்பை ஏற்க மறுத்தார். 1676இல் வானியலாளர் ரோமர், வியாழனின் நிலவு மறைவுகளை வைத்து ஒளிக்கு நேரம் தேவை என்று காட்டினார். அடர்ந்த ஊடகத்தில் ஒளி மெதுவாகத்தான் போகிறது என்பதும் பின்னாளில் உறுதியானது. ‘அறிவு நேரடியாகப் பார்த்தது’ என்று நினைத்த எளிய உண்மை வெறும் பழக்கப்பட்ட எண்ணமாக இருந்துவிடலாம் என்ற ஆபத்து, பகுத்தறிவுவாதத்தின் முதல் எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது.

புலன்களை நம்பாதவர் சோதனை செய்யமாட்டார் என்று நினைப்பவர்கள், 1637ஆம் ஆண்டின் அதே தொகுப்பில் வானவில்லைப் பற்றிய பகுதியைப் பார்க்க வேண்டும். பெரிய கண்ணாடி உருண்டையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு மழைத்துளியாக வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் சிவப்பு தெரிகிறது என்று பார்க்கிறார். பிறகு தண்ணீருக்கு 250க்கு 187 என்ற சைன் விகிதத்தை எடுத்துக்கொண்டு, துளியின் வெவ்வேறு இடங்களில் விழும் கதிர்களுக்கு ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுகிறார். முதல் வில்லுக்குக் கோணம் அதிகபட்சம் 41 பாகை 47 கலையைத் (60 கலை ஒரு பாகை) தாண்டுவதில்லை. இரண்டாம் வில்லுக்குக் குறைந்தபட்சம் 51 பாகை 37 கலை. கதிர்கள் அந்த எல்லைகளில் நெருங்கிக் குவிவதால் அங்கே வில் தெரிகிறது. வில் ஏன் அந்த உயரத்தில் மட்டும் தெரிகிறது என்பதற்கு இது முழுமையான விளக்கம், இன்றும் நிற்கிறது. அவர் நடைமுறையில் சோதனை கேள்வியைக் கூர்மையாக்கித் தரும். ‘ஏன்’ என்பதற்கான பதில் கணக்கிலிருந்து வரும்.

சரி, இயற்பியலில் இறங்கியவர் ஏன் கடவுளையும் ஆன்மாவையும் பற்றி எழுதப் போனார்? ஓரளவு காரணம் 1633. அந்த ஆண்டு ஜூனில் ரோமில் கலிலியோ தண்டிக்கப்பட்டார். பூமி சுழல்வதை ஏற்றுக்கொண்டு எழுதிய ‘உலகம்’ என்ற தம் நூலை டேக்கார்ட் வெளியிடாமல் நிறுத்தினார். பெரிய காரணம் உள்ளேயே இருந்தது. பருப்பொருள் என்றால் நீள அகல ஆழம் மட்டுமே. நிறம், சுவை, சூடு எல்லாம் நம் புலன்களில் விளைபவை என்பது அவருடைய இயற்பியல். கண்ணுக்குத் தெரியும் உலகம் உண்மை உலகம் அல்ல என்று சொல்பவருக்கு, கணக்கில் தெரியும் உலகம்தான் உண்மை என்று காட்டும் கடமையும் இருக்கிறது. மோன்தேனின் சுழலிலிருந்து வெளியே வராமல் அதைக் காட்ட முடியாது.

1641இன் ‘தியானங்கள்’ ஆறு பகுதிகள். வாதத்தின் ஓட்டத்தைச் சுருக்கித் தருகிறேன். புலன் சில நேரம் ஏமாற்றுகிறது. இப்போது விழித்திருக்கிறேனா கனவு காண்கிறேனா என்பதற்கும் உறுதியான அடையாளம் இல்லை. மிக வலிய ஒரு தீய சக்தி 2+3=5 என்பதில்கூட என்னை ஏமாற்றலாம். ஆனால் ஏமாற நான் இருக்க வேண்டும். ‘நான் இருக்கிறேன்’ என்பதை நினைக்கும்போதெல்லாம் அது உண்மை. (இதன் நிழல் கிறித்தவ இறையியலாளர் அகுஸ்தீனிடம், 5ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது: நான் தவறு செய்தால், நான் இருக்கிறேன். அகுஸ்தீனோடு உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டியவர்களில் பிரெஞ்சு இறையியலாளர் அர்னோவும் ஒருவர்.) இது ஏன் உறுதியாக இருக்கிறது? தெளிவாகவும் துலக்கமாகவும் தெரிவதால். ஆகவே அப்படித் தெரிவதெல்லாம் உண்மை என்று விதி செய்யலாமா? ஏமாற்றாத கடவுள் இருந்தால் செய்யலாம். என்னிடம் எல்லையற்ற ஒன்றைப் பற்றிய கருத்து இருக்கிறது. எல்லைக்குட்பட்ட நான் அதற்குக் காரணமாக முடியாது. ஆகவே கடவுள் இருக்கிறார், நிறைவானவர் ஏமாற்றமாட்டார். இந்த மூன்றாம் பகுதியில் காரணத்தின் ‘நிலை’ விளைவின் நிலைக்குக் குறையக்கூடாது என்ற விதி வருகிறது. அது லா ஃப்ளேஷில் படித்த பழைய ஸ்கொலாஸ்டிக் மரபின் (இடைக்காலப் பள்ளித் தத்துவம்) சொத்து. எல்லாவற்றையும் சந்தேகித்தவர் இதைச் சந்தேகிக்கவில்லை.

இரண்டாம் பகுதியில் வரும் மெழுகை மெதுவாகப் படியுங்கள். கூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த மெழுகு: தேன் சுவை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, பூ மணம் இருக்கிறது, கையில் குளிர்ச்சி, விரலால் தட்டினால் ஓசை. நெருப்பருகே கொண்டுபோனால் சுவை போய்விடும், மணம் போய்விடும், நிறமும் வடிவும் மாறிவிடும், தட்டினால் ஓசை வராது. மெழுகு அதேதான் என்கிறோம். எந்தப் புலன் அதைச் சொன்னது? புலனுக்குத் தெரிந்த எல்லாம் மாறிவிட்டதே. கற்பனை சொன்னதா? அந்த மெழுகு எடுக்கக்கூடிய வடிவங்கள் எண்ணற்றவை. கற்பனையால் அத்தனையையும் ஓட்டிப் பார்க்க முடியாது. மனத்தின் தீர்ப்புதான் சொன்னது. ஆறாம் பகுதியில் வரும் ஆயிரம் பக்க வடிவமும் இதே வேலையைச் செய்கிறது: முக்கோணத்தை மனக்கண்ணில் பார்க்கலாம், ஆயிரம் பக்கமும் பத்தாயிரம் பக்கமும் மனக்கண்ணுக்கு ஒன்றுபோலத்தான், ஆனாலும் இரண்டின் பண்புகளையும் அறிவு தவறில்லாமல் வேறுபடுத்திச் சொல்லும்.

இதெல்லாம் எங்கே உடைகிறது? டேக்கார்ட்டின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். அச்சுக்கு முன்பே கையெழுத்துப் படியைத் துறவியும் நண்பருமான மெர்சென் வழியாகப் பலருக்கு அனுப்பி, எதிர்ப்புகளையும் தம் பதில்களையும் ஒரே நூலாக வெளியிட்டார். நான்காவது எதிர்ப்பில் அர்னோ வைத்த கேள்வி இன்றும் வகுப்பறைகளில் ஓய்ந்தபாடில்லை: தெளிவாகத் தெரிவது உண்மை என்பதற்குக் கடவுள் ஜாமீன், கடவுள் இருக்கிறார் என்பது எப்படித் தெரிந்தது? தெளிவாகத் தெரிந்ததால். மோன்தேனின் சுழல் வேறு உடையில் திரும்பிவிட்டது. டேக்கார்ட்டின் பதில்: இப்போது கண்முன் தெளிவாக நிற்பதற்கு ஜாமீன் வேண்டாம், முன்பு தெளிவாகக் கண்டதாக நினைவில் மட்டும் இருக்கும் முடிவுக்குத்தான் ஜாமீன் வேண்டும். இந்தப் பதில் சுழலைச் சின்னதாக்குகிறது, அறுக்கவில்லை என்பது என் முடிவு. வேறு விதமாக நினைக்கும் நல்ல ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு உடைப்பைக் கண்டவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். 1643 மே மாதம் எழுதிய முதல் கடிதத்திலேயே நேராகக் கேட்கிறார்: ஒரு பொருளைத் தள்ள வேண்டுமென்றால் தொட வேண்டும், தொட வேண்டுமென்றால் பரப்பு வேண்டும், பரப்பே இல்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்கிறது? டேக்கார்ட் இரண்டு கடிதங்களில் சுற்றி வளைக்கிறார். உடலும் ஆன்மாவும் இணைந்திருப்பதைத் தத்துவத்தால் அல்ல, அன்றாட வாழ்க்கையாலும் பேச்சாலும்தான் அறிகிறோம் என்கிறார். தூய அறிவு சார்ந்த சிந்தனைக்குத் தாமே ஆண்டுக்குச் சில மணி நேரம்தான் ஒதுக்குவதாகவும் சொல்கிறார். எலிசபெத்தோ இந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவிலேயே விடாமல் மறுத்தார். உருவமற்ற ஒன்றால் உடலை அசைக்க முடியும் என்பதை ஏற்பதைவிட, ஆன்மாவுக்கும் பருமன் உண்டு என்று ஏற்பது தமக்கு எளிது என்று எழுதினார். அடுத்த அறுபது ஆண்டுகளின் தத்துவத்தில் பெரும்பகுதி இந்தக் கடிதத்துக்குப் பதில் தேடியதுதான். பிரெஞ்சுத் தத்துவவாதி மலெப்ராஞ்ச், ஆன்மாவும் உடலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, ஒவ்வொரு முறையும் கடவுளே இரண்டையும் இசைவிக்கிறார் என்றார்.

மூன்றாவது உடைப்பு இயக்க விதிகளில். 1644இன் ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூலில் மோதலுக்கு ஏழு விதிகள் உண்டு. நான்காவது விதி: அசையாமல் நிற்கும் பொருள் தன்னைவிடச் சற்றே பெரியதாக இருந்தால், சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் அதை நகர்த்த முடியாது, தான் மட்டும் திரும்பிப் போகும். கேரம் பலகையில் ஐந்து நிமிடம் ஆடியவர் யாரும் இதை நம்பமாட்டார். டேக்கார்ட்டுக்கும் இது தெரியும். விதிகள் சுற்றுப்புறத்திலிருந்து முற்றிலும் விலகிய, முழுக்கக் கடினமான பொருள்களுக்குத்தான் என்று தப்பிக்கிறார். லைப்னிட்ஸ் அனுபவத்தை இழுக்காமலே பிழையைப் பிடித்தார். முதல் விதிப்படி, சம அளவுள்ள இரண்டு பொருள்கள் சம வேகத்தில் எதிரெதிராக மோதினால் இரண்டும் அதே வேகத்தில் திரும்பும். இரண்டாம் விதிப்படி, ஒன்று துளியளவு பெரியதாக இருந்தால் அது திரும்பாமல் அதே வேகத்தில் முன்னே போகும். அளவில் கடுகளவு மாற்றம், விளைவில் முழுத் தலைகீழ். காரணம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் விளைவும் அப்படியே மாற வேண்டும் என்ற தொடர்ச்சி விதியை இது மீறுகிறது.

1686இல் லைப்னிட்ஸ் இன்னொன்றையும் காட்டினார். உலகில் மாறாமல் இருப்பது பொருளின் அளவையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்றார் டேக்கார்ட். 1 பவுண்டு எடையை 4 அலகு உயரம் தூக்கவும், 4 பவுண்டு எடையை 1 அலகு உயரம் தூக்கவும் ஒரே ஆற்றல்தான் தேவை. இதை டேக்கார்ட்டின் ஆட்களும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டையும் விழவிட்டால் அதே ஆற்றல் கிடைக்க வேண்டும். கலிலியோவின் கணக்குப்படி, 4 அலகிலிருந்து விழுவது 1 அலகிலிருந்து விழுவதைவிட இரண்டு மடங்கு வேகம் பெறும். டேக்கார்ட்டின் அளவுப்படி முதலாவது 1×2=2, இரண்டாவது 4×1=4; சமமில்லை. வேகத்தின் இருபடியை வைத்தால் 1×4=4, 4×1=4; சமம். பகுத்தறிவுவாதிகள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டது இப்படி எண்களோடுதான்.

ஸ்பினோசாவிடம் வருவோம். 1632இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர்; 1656 ஜூலை 27 அன்று அவருடைய யூதச் சமூகம் அவரை விலக்கிவைத்தது. லென்ஸ் தேய்ப்பது அவருக்குக் கைவந்த தொழில். மைமனிடஸ் போன்ற இடைக்கால யூத அறிஞர்களையும் டேக்கார்ட்டையும் ஒருசேர ஆழமாகப் படித்தவர். உயிரோடு இருந்தபோது தம் பெயரில் வெளியிட்ட ஒரே தத்துவ நூல், 1663இல் டேக்கார்ட்டின் கோட்பாடுகளை வடிவியல் முறையில் எழுதிக்காட்டியது. டேக்கார்ட் ‘தியானங்க’ளைப் பகுப்பு முறையில் எழுதியிருந்தார், மெர்சென் பக்கத்திலிருந்து வந்த வேண்டுகோளுக்காக மட்டும் சில பக்கங்களைத் தொகுப்பு முறையில் மாற்றிக் காட்டினார். அவர் விருப்பமில்லாமல் செய்ததை ஸ்பினோசா முழு மூச்சாக எடுத்துக்கொண்டார். அவர் இறந்த 1677இலேயே வெளிவந்த ‘அறவியல்’ நூலின் முதல் பாகம் 8 வரையறைகள், 7 அடிகோள்கள் (நிரூபணமின்றி ஏற்பவை), 36 தேற்றங்கள்.

எல்லாவற்றையும் மாற்றிய திருப்பம் ஒரே ஒரு வரையறையில் இருக்கிறது. தன்னிருப்புப் பொருள் என்றால் இருப்பதற்கு வேறு எதையும் வேண்டாதது என்று டேக்கார்ட் 1644இல் எழுதினார். அப்படிப் பார்த்தால் அது கடவுள் மட்டும்தான் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். பிறகு மனத்துக்கும் உடலுக்கும் சலுகை கொடுத்து, கடவுளின் துணை மட்டும் வேண்டியவை என்ற தளர்ந்த பொருளில் அவற்றையும் சேர்த்துக்கொண்டார். ஸ்பினோசா சலுகையை நீக்கினார். தன்னிலேயே இருந்து தன்னாலேயே அறியப்படுவது தன்னிருப்புப் பொருள், அது ஒன்றே, மனமும் உடலும் அந்த ஒன்றை இரண்டு விதமாகக் காண்பவை. எலிசபெத்தின் கேள்வி அத்தோடு கரைந்துவிடுகிறது: இரண்டு பொருள்களே இல்லை, ஒன்று மற்றதைத் தள்ளும் பேச்சுக்கு இடமில்லை. விலையும் பெரியது. உலகில் எதுவும் வேறு விதமாக நடந்திருக்க முடியாது, கடவுள் தேர்ந்தெடுப்பவர் அல்ல. மறைநூலை விமர்சித்த அவருடைய முந்தைய நூலுக்கு ஹாலந்தில் 1674இல் தடை விதிக்கப்பட்டதன் பின்னணியில் இந்தக் கருத்தும் உண்டு.

அறிவு என்றால் ஸ்பினோசாவுக்கு என்ன என்பதைக் காட்ட அவரே தரும் கணக்கைவிட நல்ல வழி இல்லை. மூன்று எண்கள் கொடுத்து நான்காவது விகித எண்ணைக் கேட்கிறோம். வணிகர் இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி முதலாவதால் வகுக்கிறார். வாத்தியார் சொன்னது நினைவிருப்பதாலோ, சின்ன எண்களில் பலமுறை சரிவந்ததாலோ. யூக்ளிடின் ஏழாம் நூல், 19ஆம் தேற்றத்தைப் படித்தவர் விகிதங்களின் பொதுப் பண்பிலிருந்து அதையே செய்கிறார். 1, 2, 3 என்று கொடுத்தால் 6 என்பதை யாரும் கணக்குப் போடாமலே காண்கிறார்கள், முதல் இரண்டுக்கும் உள்ள உறவு ஒரே பார்வையில் தெரிவதால். விடை மூன்று வழியிலும் ஒன்றே. அறிவின் தரம் வேறு.

லைப்னிட்ஸ் 1676 நவம்பரில் ஹேக் நகரில் ஸ்பினோசாவைச் சந்தித்துப் பேசினார். அந்த உறுதியான வாதம் அவரைக் கவர்ந்தது, முடிவு அச்சுறுத்தியது. டேக்கார்ட்டின் ‘தெளிவு’ போதாது என்பதை 1684இல் ஒரு சக்கரத்தை வைத்துக் காட்டினார். எதுவும் தாண்ட முடியாத உச்ச வேகத்தில் சுழலும் சக்கரம் என்று சொன்னால் புரிந்ததுபோல இருக்கும். அதன் ஓர் ஆரத்தை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். நீட்டிய முனை விளிம்பைவிட வேகமாகச் சுழலும். ஆக ‘உச்ச வேகம்’ என்பதே முரண்பாடு. புரிந்ததாகத் தோன்றும் கருத்தில் முரண் ஒளிந்திருக்கலாம் என்பதால், கடவுளின் கருத்திலிருந்து கடவுளின் இருப்பை நிரூபிப்பவர் அந்தக் கருத்து முரணற்றது என்று முதலில் காட்ட வேண்டும் என்றார். அவருடைய பங்களிப்புகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்: உள்ளத்தின் உறுதிக்குப் பதிலாக, சோதித்துப் பார்க்கக்கூடிய நிபந்தனையை வைத்தார்.

ஒரு பாடநூல் பழக்கத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. ஐரோப்பாக் கண்டத்தில் மூன்று பகுத்தறிவுவாதிகள், பிரிட்டனில் லாக், பார்க்லி, ஹியூம் என்று மூன்று அனுபவவாதிகள் (அறிவு புலன் அனுபவத்திலிருந்தே வருகிறது என்பவர்கள்), இரண்டையும் இணைத்தவர் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் என்ற அணிவகுப்பு காண்ட்டுக்குப் பின், 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் கையில் உறுதிப்பட்டது. லாக் டேக்கார்ட்டைப் படித்துத்தான் தத்துவத்தில் ஆர்வம் கொண்டார். பிரெஞ்சுக்காரரான காஸெந்தி புலனறிவுக்காக டேக்கார்ட்டோடு மோதினார். அணிவகுப்பை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், விளக்கமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

படிக்கும் வரிசைக்கு வருகிறேன். ‘முறை பற்றிய உரை’யின் முதல் நான்கு பகுதிகளை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். அடுத்து ‘தியானங்க’ளின் முதல் மூன்று பகுதிகள், உடனே அர்னோவின் எதிர்ப்பு, பலர் எதிர்ப்புகளைப் பிற்சேர்க்கை என்று விட்டுவிடுகிறார்கள், நூலின் பாதி உயிர் அங்கேதான். எலிசபெத்தின் 1643 கடிதங்கள் சில பக்கங்கள்தான், ‘தியானங்க’ளின் ஆறாம் பகுதியோடு சேர்த்துப் படிக்கலாம். ‘அறவியல்’ நூலை முதல் தேற்றத்திலிருந்து தொடங்கினால் பத்தாவது தேற்றத்துக்குள் பெரும்பாலோர் மூடிவைத்துவிடுவார்கள். முதல் பாகத்தின் பிற்சேர்க்கையை முதலில் படியுங்கள். இயற்கைக்கு நோக்கம் உண்டு என்று மனிதர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதை அதில் சாதாரண உரைநடையில் எழுதியிருக்கிறார். பிறகு வரையறைகளை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொண்டு தேற்றங்களுக்குத் திரும்பலாம். லைப்னிட்ஸின் ‘மொனடாலஜி’ (1714) 90 சிறு பத்திகள்தான். முதல் பத்தியிலேயே ‘மொனட்’ (பகுதிகளே இல்லாத எளிய தன்னிருப்புப் பொருள்) என்று தொடங்குவதால் பலர் மிரண்டுவிடுகிறார்கள். 31 முதல் 38 வரையுள்ள பத்திகளை முதலில் எடுங்கள்: முரணின்மை விதி, போதிய காரண விதி, அறிவின் உண்மைக்கும் நிகழ்வின் உண்மைக்கும் உள்ள வேறுபாடு, அங்கிருந்து கடவுள்வரை போகும் வாதம் எல்லாம் அந்த எட்டுப் பத்திகளுக்குள் இருக்கின்றன. அவை பிடிபட்ட பிறகு முதல் பத்திக்குப் போனால், மொனட் ஏன் தேவைப்பட்டது என்பது அங்கேயே தெரியவரும்.